தண்ணீர் அட்டைக்குப் போட்ட கையெழுத்தை ‘ஆட்சேபம் இல்லை’ என்று காட்டுகிறார்கள். திரும்பப் பெற முடியுமா?

கேட்டவர்: கடைத்தெரு டீக்கடை

எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரத்துச் சின்ன ஊர் எங்களுடையது. பதினாலு வருடமாக டீக்கடை நடத்துகிறேன். கடைக்குப் பக்கத்து அடிபம்புத் தண்ணீரில்தான் இத்தனை நாளும் டீ போட்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி வயல்களைக் குத்தகைக்கு எடுத்து இறால் குட்டை வெட்டியது. இரண்டாவது தடவை இறால் பிடித்த பிறகு பம்புத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. கோடையினால் இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தும் கரிப்பு போகவில்லை. பால் திரிகிறது, பருப்பு வேகவில்லை. தினமும் 4 கேன் வாங்குகிறேன், கேன் 35 ரூபாய்.

கம்பெனிக்காரர்கள் தெருமுனையில் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்து, வீட்டுக்கு இரண்டு குடம் இலவசம் என்றார்கள். அதற்கு ஒரு அட்டை. அட்டை கொடுக்க வந்தவர் எங்கள் ஊர்ப் பையன்தான், பள்ளிக்கூடம் போகும்போது என் கடையில் பன் வாங்கித் தின்றவன். இரண்டு தாள் நீட்டினான். முதல் தாள் தமிழில் இருந்தது, பேரும் எத்தனை பேர் என்பதும். இரண்டாவது ஆங்கிலம். “இதுவும் அட்டைக்குத்தான் அக்கா” என்றான். போட்டேன். என் மாமியார் கைநாட்டு வைத்தார்.

போன மாதம் வேறு வேலையாகத் தாலுகா அலுவலகம் போனபோது அந்த இரண்டாவது தாளை அங்கே பார்த்தேன். பண்ணையை விரிவாக்க எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதியிருக்கிறதாம். கீழே என் கையெழுத்து. தண்ணீர் கெட்டதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெருவில் யாராவது தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் “நீயும்தானே கையெழுத்துப் போட்டாய்” என்கிறார்கள்.

அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெற முடியுமா? தண்ணீர் குட்டையால்தான் கெட்டது என்று எப்படிக் காட்டுவது? புகார் கொடுத்தால் அந்த இரண்டு குடத்தையும் நிறுத்திவிடுவார்கள் என்று பக்கத்து வீடுகளில் பயப்படுகிறார்கள். அதற்கு என்ன சொல்வது?

பதில் 1: கீழவீதி வக்கீல்

அக்கா, கண்டிப்பாகத் திரும்பப் பெறலாம். என்ன எழுதியிருக்கிறது என்று மறைத்து வாங்கிய சம்மதம் சம்மதம் ஆகாது. ஆனால் வாயால் சொன்னால் நிற்காது, எழுதிக் கொடுங்கள். எந்தத் தேதியில், யார் வந்து, என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார் என்பதை இங்கே எழுதியது போலவே எழுதினால் போதும், சட்ட வார்த்தை எதுவும் வேண்டாம். மாமியார் தனியாக ஒரு கடிதம் கொடுக்கட்டும். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதி தாசில்தாருக்கு ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு.

அதற்கு முன்னால் அந்தத் தாளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பண்ணையின் பதிவுச் சான்று நகலையும் சேர்த்துக் கேளுங்கள்.

வழக்கு என்று போனால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. நஷ்டஈடு கேட்க 5 வருடம் அவகாசம் உண்டு. மற்ற கோரிக்கைகளுக்கு 6 மாதம்தான், அதனால் தள்ளிப்போடாதீர்கள். வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

பதில் 2: இரண்டு ஏக்கர் குட்டை

நானும் இறால் வளர்க்கிறவன்தான். எங்கள் எல்லோரையும் ஒரே தராசில் வைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் குட்டையின் அடியில் ஷீட் விரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். விரிக்காவிட்டால் உப்பு நீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அடுத்து, போர் போட்டு நல்ல தண்ணீர் எடுத்துக் கலக்கிறார்களா? கோடையில் உப்பு ஏறினால் சிலர் அப்படிச் செய்வார்கள். நிலத்தடி நல்ல தண்ணீர் இறங்கினால் அந்த இடத்துக்குக் கடல் தண்ணீர் வந்துவிடும். உங்கள் பம்புக்கு இரண்டுமே நடந்திருக்கலாம்.

கடலோர இறால் பண்ணைகளுக்கான 2005ஆம் வருடச் சட்டத்தோடு வந்த நெறிமுறையில் குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர், 500 பேருக்கு மேல் இருக்கும் ஊரிலிருந்து 300 மீட்டர் தள்ளிக் குட்டை இருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். 5 ஹெக்டேருக்கு மேல் என்றால் கழிவு நீரைச் சுத்திகரிக்கத் தனி இடம் வேண்டும். இறால் பிடித்த மறுநாள் தண்ணீரை எங்கே திறந்துவிடுகிறார்கள் என்று போய்ப் பார்த்துப் படம் எடுங்கள். ஒரு பண்ணையின் லட்சணம் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

பதில் 3: வேதாரண்யத்துக்காரர்

அம்மா, எனக்கு 71 வயது. உங்கள் மாவட்டத்தில் இந்தச் சண்டை முன்பே நடந்திருக்கிறது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயாவும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவும் இறால் பண்ணைகளுக்கு எதிராக ஊர் ஊராகப் போனார்கள். ஐயா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விளைநிலம், உப்பளம், ஊர்ப் பொது நிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது, கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்றது. அப்புறம் 2005இல் தனிச் சட்டம் வந்து பண்ணைகளை முறைப்படுத்தினார்கள், 2023இல் அதையும் திருத்தினார்கள். ஆனால் அன்றைக்கும் நீதிமன்றம் வரை போய் நின்றது உங்களைப் போல உப்புத் தண்ணீர் குடித்தவர்களின் பேச்சுதான்.

தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத ஊருக்குக்கூட 2000தான் எல்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, தள்ளி மேட்டுத்தெருவில் ஒன்று என்று இரண்டு மூன்று பம்பில் எடுங்கள். ஒரே பம்பு என்றால் கடலோரம் அப்படித்தான் என்று தட்டிக் கழித்துவிடுவார்கள்.

இரண்டு குடம் நின்றுவிடும் என்று பயப்படுகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: அந்தப் பம்பு நன்றாக இருந்தபோது தண்ணீருக்கு யாரிடம் அட்டை வாங்கினார்கள்?

கேட்டவர்: கடைத்தெரு டீக்கடை

எல்லோருக்கும் நன்றி. வேதாரண்யத்து ஐயா சொன்ன கேள்வியை நேற்றுச் சாயங்காலம் கடையில் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மூன்று பேர் தாங்களும் எழுதிக் கொடுக்கிறோம் என்றார்கள். குட்டைக்காரத் தம்பி, உங்களைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஷீட் விரிக்கவில்லை, போய்ப் பார்த்துவிட்டேன்.

அந்தப் பையன் இன்று காலை கடைக்கு வந்தான். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று தனக்கும் தெரியாது, கொடுத்ததைக் கொண்டு வந்தேன் என்றான். நம்புவதா வேண்டாமா தெரியவில்லை. அதை எழுதிக் கொடுப்பாயா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான். எங்கள் கடிதம் தயார். திங்கள்கிழமை காலை முதல் பஸ்ஸில் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.