ஷெட்டுக்குள்ள பட்டறை

நான்: பிளான் ரெடி 👆 ஷெட் 18க்கு 10 அடி. டேபிள் சா (மேசை ரம்பம்) பின்சுவர் ஓரமா, பெஞ்ச் நடுவுல. எப்படி இருக்கு?

பெரிய மாமா: மெஷினுக்கு இடம் விட்டிருக்க. மரத்துக்கு எங்கடா?

நான்: சுவர்ல ராக் போட்டிருக்கேனே மாமா

பெரிய மாமா: அடுக்கி வைக்க இல்லடா, ஓட. முழு ப்ளைவுட் 8க்கு 4 அடி. நீளவாக்குல அறுக்கணும்னா பிளேடுக்கு முன்னாடி 8 அடி, பின்னாடி 8 அடி வேணும். நீ வச்சிருக்கிற இடத்துல பாதியிலேயே சுவர்ல முட்டும்

நான்: அப்ப ரூமே பத்தாதே 😐

பெரிய மாமா: சா-வை நடுவுல, ஷட்டரைப் பார்த்து வை. ஷட்டரைத் தூக்கிவிட்டா மிச்சம் வெளிய போயிட்டுப் போகுது. பெஞ்சை சா-க்குப் பின்னாடி தள்ளு. உயரம் சா-வை விட ஒரு நூல் (1/8 அங்குலம்) கம்மியா இருக்கட்டும், அறுத்த பலகை தட்டாம அதுமேல வழுக்கிட்டு வரும்

நான்: சா 35 அங்குலம். ஆனா இழைப்புளி தள்ள பெஞ்ச் மணிக்கட்டு உயரம்தான் இருக்கணும்னு சொன்னீங்களே. எனக்கு அது 33

பெரிய மாமா: 33லயே போடு. அறுக்கிறப்ப மட்டும் மேல ஒரு பலகை. 18 எம்எம் ப்ளை ரெண்டு, 12 எம்எம் ஒண்ணு சேர்த்து ஒட்டு, 48 எம்எம் ஆச்சு. ரெண்டு அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நூல் கம்மி. கணக்கு சரியா?

நான்: 🙏🙏

அக்கா: லைட்டும் மெஷினும் ஒரே எம்சிபியா (கரண்ட் கூடினா தானா கட் ஆகுற சுவிட்ச்)?

நான்: ஆமா, ஏன்?

அக்கா: மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடுறப்ப இழுக்கிறதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். டிரிப் ஆச்சுன்னா லைட்டும் போயிடும். பிளேடு இன்னும் சுத்திட்டு இருக்கும், நீ இருட்டுல பலகையைப் பிடிச்சிட்டு நிப்ப. லைட்டுக்குத் தனி லைன் இழு. தூசி உறிஞ்சுற மெஷினுக்கும் தனி, அது சா கூடவே ஓடணும்ல

அம்மா: அந்தத் தூசி என் கொடித்துணிக்கு வராம இருந்தா சரி

நான்: பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கிறேன்மா

அம்மா: அது நேரா கொடிப்பக்கம்தானே ஊதும்!

பெரிய மாமா: உங்கம்மா சொல்றது சரி. பறக்கவிட்டு விரட்டாத, பிளேடு கிட்டயே குழாய் வச்சு இழு. வளையிற ஹோஸ் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது, உள்ள இருக்கிற மடிப்பு காத்தைத் தடுக்கும். சீவல் கீழ விழுந்துடும், கண்ணுக்குத் தெரியாத பொடிதான் ரொம்ப நேரம் மிதக்கும்

அக்கா: மரத்தூள் ஐஏஆர்சி (உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு) பட்டியல்ல புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பிரிவுல இருக்கு. கைக்குட்டை கட்டிட்டு ஒப்பேத்தாத. என்95 மாஸ்க் போடு

நான்: சரி சரி. நாளைக்கு தரையில சாக்பீஸ்ல புது பிளான் வரையறேன்

பெரிய மாமா: அதுக்கு முன்னாடி 8 அடி ரீப்பர் கட்டை ஒண்ணை எடுத்து, சா நிக்கப்போற இடத்துல நின்னு திருப்பிப் பாரு. எங்க முட்டுதோ அங்க எதுவும் வராது

அம்மா: ஷெட்ல என்னடா சத்தம்?

நான்: ட்யூப்லைட்ல முட்டுது மாமா

பெரிய மாமா: அப்ப லைட்டை மேல ஏத்து