நம் பகுதிப் பெண் ஓவியர்களை இணையக் கலைக்களஞ்சியத்தில் பதிவு செய்வது எப்படி?

கோபி வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில், அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் வாழ்கிறார். வாய்க்கால் கரைகளையும், நாற்று நடும் பெண்களையும், சந்தை நாளின் கூட்டத்தையும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீர்வண்ணத்தில் வரைந்து வருகிறார். கோவையிலும் சென்னையிலும் நடந்த குழுக் கண்காட்சிகளில் அவருடைய படங்கள் இடம்பெற்றிருக்கின்றன. எனக்கு ஆறாம் வகுப்பில் தூரிகை பிடிக்கக் கற்றுக் கொடுத்தவரும் அவரே.

தமிழ் விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி எழுத எண்ணி, என் மணல்தொட்டியில் (பயனர் எழுதிப் பார்க்கும் பயிற்சிப் பக்கத்தில்) நான்கு பத்திகள் எழுதி வைத்திருக்கிறேன். மேற்கோள் சேர்க்கும் இடத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அவரிடம் இருப்பவை இரண்டு கண்காட்சித் துண்டேடுகளும், பக்க எண் இல்லாத வார இதழ் நறுக்கு ஒன்றும் மட்டுமே. மற்றோர் இதழுக்காக ஒருவர் வந்து வாங்கிச் சென்ற படங்களும் குறிப்புகளும் திரும்பி வரவே இல்லை. அதே கண்காட்சிகளில் பங்கேற்ற ஆண் ஓவியர்கள் சிலரைப் பற்றி அந்நாளிலேயே பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார்கள். இவருடைய பெயரோ 'மற்றும் பலர்' என்பதற்கு முந்தைய வரியில் வருகிறது.

இப்படிப்பட்ட ஒருவருக்கு எவை சான்றாக ஏற்கப்படும்? அவருடைய ஓவியங்களை நானே படம் பிடித்துப் பதிவேற்றலாமா? என் ஆசிரியரைப் பற்றி நானே எழுதுவது முறையாகுமா? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நொய்யல்

வாசகி அவர்களுக்கு வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் சில ஆண்டுகளாக எழுதி வருகிறேன். உங்களுடைய கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவர் உங்கள் ஆசிரியர் என்பது தடையாகாது. ஆயினும் அந்த உறவைக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். 'ஒப்பற்ற', 'தலைசிறந்த' என்ற சொற்களை நீங்களே நீக்கிவிட்டால், பிறர் வந்து நீக்கும் வருத்தம் இராது. அம்மையாரோ அவருடைய குடும்பத்தாரோ நேரடியாகத் தொகுப்பதைத் தவிர்ப்பது நல்லது.

துண்டேடு ஒன்று, அவர் அந்தக் கண்காட்சியில் பங்கேற்றார் என்பதை மட்டுமே உறுதி செய்யும். தனிக் கட்டுரைக்கு உரிய குறிப்பிடத்தக்கமையை, அதாவது ஒருவரைப் பற்றித் தனியே எழுதத் தகுதி உண்டு என்பதை நிறுவ, அவரோடு தொடர்பில்லாத ஒருவர் அவருடைய பணியைப் பற்றி விரிவாக எழுதி, அது ஆசிரியர் பொறுப்பில் வெளிவரும் இதழிலோ நூலிலோ வந்திருக்க வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியா ஓவியர்களுக்கு வகுத்துள்ள அளவுகோல்களில், படைப்புகள் பல அருங்காட்சியகங்களின் நிலையான சேகரிப்பில் இருப்பதும் ஒன்று. இந்த விதிகளில் ஆண், பெண் என்ற பேதம் எழுதப்படவில்லை. ஆனால் எந்த ஓவியரைப் பற்றி எழுதுவது, எந்தப் படத்தை வாங்குவது என்று இதழ்களும் அருங்காட்சியகங்களும் முன்பே எடுத்த முடிவுகளின் மேல் நிற்பதால், அங்கே விடுபட்ட பெண்கள் இங்கும் விடுபட்டுப் போகிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் பெண்களைப் பற்றியவை 2015-இல் ஏறத்தாழ 15 விழுக்காடாக இருந்தன. பல நாட்டுப் பங்களிப்பாளர்கள் கூடி உழைத்த பிறகும் இன்று 20 விழுக்காட்டை ஒட்டியே நிற்கின்றன.

ஆகவே விதியைத் தளர்த்தக் கோருவதைவிட, சான்றை உருவாக்குவதே நம் கையில் உள்ள வேலை என்று கருதுகிறேன். நீங்கள் அவரிடம் கேட்டு அறிந்ததை அப்படியே கட்டுரையில் எழுதினால் அது சொந்த ஆய்வு, அதாவது வெளியான சான்று இல்லாத செய்தி ஆகிவிடும்; விக்கிப்பீடியா அதை ஏற்பதில்லை. அதே செய்தியை ஓவியம் அறிந்த ஒருவர் அவருடைய படங்களை நேரில் பார்த்து எழுதி, சிற்றிதழ் ஒன்றிலோ நாளிதழின் மாவட்டப் பதிப்பிலோ வெளியிட்டால், அதை மேற்கோள் காட்டலாம். பழைய கண்காட்சிகளின் பதிவுகளைத் தேட, கோவை அவிநாசி சாலையில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள். இவை கைகூடும் வரை, இருக்கும் சான்றைக் கொண்டு உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையில் அவரைப் பற்றி இரண்டு வரிகள் சேர்க்கலாம். விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் அவருக்கென ஓர் உருப்படியும் (பதிவும்) தொடங்கலாம்.

படங்களைப் பொறுத்தவரை கவனம் தேவை. ஓவியத்தை விலைக்கு வாங்கியவருக்கு அந்தத் தாள் மட்டுமே சொந்தம். பதிப்புரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கிறது. கூலி கொடுத்துத் தமக்கென வரையச் சொன்ன படத்தில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், உரிமை வரையச் சொன்னவருக்குப் போகும். எனவே அம்மையாரே கட்டற்ற உரிமத்தில் (யாரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு) வெளியிட இசைந்து, மின்னஞ்சல் வழியாக எழுத்துப்பூர்வமான ஒப்புதல் அனுப்பினால்தான் அவருடைய ஓவியங்களை விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்ற முடியும். அந்த உரிமத்தின்படி பிறர் அவற்றை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதை முன்கூட்டியே அவருக்கு விளக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு படங்கள் போதும். அவர் வரைந்துகொண்டிருக்கும்போது நீங்கள் எடுக்கும் ஒளிப்படத்தின் உரிமை உங்களுடையது. ஆனால் பலகையில் உள்ள ஓவியம் அதில் பெரிதாகத் தெரியாதபடி எடுங்கள்.

ஈரோடு நூலகர்

அம்மணி, நூலகப் பணியில் முப்பது ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் ஒன்றைக் கேட்கிறேன். எந்தப் பெயரில் தேடினீர்கள்?

நம் பெண்களின் பெயருக்கு முன்னால் மணத்துக்கு முன் தந்தையின் முதலெழுத்தும், மணத்துக்குப் பின் பெரும்பாலும் கணவரின் முதலெழுத்தும் நிற்கின்றன. கல்லூரி நாளின் கண்காட்சியில் ஒரு பெயர், பணியில் சேர்ந்த பிறகு இன்னொரு பெயர், இதழுக்கு வரைந்தால் ஒரு புனைபெயர் என்று ஒரே கையின் உழைப்பு மூன்று பேருடையதாகப் பிரிந்து கிடக்கும். அவற்றைப் பட்டியலிடும் நூலகரும் மூன்று தனி ஆட்களாகவே பதிவு செய்வார். நானே அப்படிச் செய்திருக்கிறேன் என்பதை இப்போது எண்ணும்போது மனம் வருந்துகிறது. ஆண் ஓவியர்களுக்கு இந்தப் பிளவு பெரும்பாலும் நேர்வதில்லை. சான்று இல்லை என்று நாம் முடிவு கட்டும் இடங்கள் பலவற்றில், சான்று வேறு முதலெழுத்தின் கீழ் இருக்கிறது.

கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாளை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். அவர் பெயருக்கு முன்னால் நின்ற எழுத்துகள் ஊரான கொடுமுடியையும், தாயான பாலாம்பாளையும் குறித்தன. எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்த பிறகும் அவை மாறவில்லை. அதனால் நாடக அறிவிப்புகளும், இசைத்தட்டுகளும், 1935-இன் 'பக்த நந்தனார்' படமும், சென்னை மாநிலச் சட்ட மேலவைக்கு உறுப்பினராகச் சென்ற செய்தியும் ஒரே பெயரின் கீழ் இன்று வந்து சேர்கின்றன. அவருடைய புகழுக்கு அவருடைய குரல்தான் காரணம்; ஆனால் அந்தப் புகழின் சுவடுகளைத் தேடி எடுப்பதை மாறாத பெயர் எளிதாக்கியிருக்கிறது.

உங்கள் ஆசிரியையிடம் அவர் பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற குறிப்போடு எழுதி வாங்குங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் விடாதீர்கள். கட்டுரை அமைந்த பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வழிமாற்றுப் பக்கம் (அந்தப் பெயரில் தேடுவோரைக் கட்டுரைக்கே கொண்டு சேர்க்கும் பக்கம்) உருவாக்குங்கள். 'இன்னாருடைய மனைவி' என்று முதல் வரியைத் தொடங்காதீர்கள். அவர் எதை வரைந்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

கோபி வாசகி

அம்மா, உங்கள் மறுமொழியைப் படித்ததும் அவர் வீட்டுக்குச் சென்று வந்தேன். முதல் துண்டேட்டில் தந்தையின் முதலெழுத்தும், இரண்டாவதில் கணவரின் முதலெழுத்தும் இருக்கின்றன. நான் இரண்டாவதை வைத்து மட்டுமே தேடியிருக்கிறேன். சிறுவர் இதழ் ஒன்றுக்குப் புனைபெயரில் படங்கள் வரைந்ததை இன்றுதான் முதன்முறையாகச் சொன்னார். "அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்" என்றார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்களை மூன்று பெயர்களிலும் தேடத் தொடங்கிவிட்டேன்.

பவானிக் கரை

இந்த உரையாடலோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி ஒயில் கும்மியில் பெண்களையும் பயிற்றுவித்து ஆடச் செய்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டபோது எங்கள் பகுதியே மகிழ்ந்தது. அவருக்குச் சான்றுகள் கிடைத்துவிட்டன. ஆனால் இன்று நம் ஊர்த் திருவிழாக்களில் கும்மியாடும் பெண்களையும், அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பெண் ஆசிரியர்களையும் செய்திகள் 'பெண்கள் ஆடினர்' என்ற அளவில் முடித்துவிடுகின்றன. ஓவியருக்காவது துண்டேட்டில் ஒரு வரி இருக்கிறது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

எங்கள் ஊர்க் குழுவின் அரங்கேற்ற மலரைத் தொகுக்கும் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. ஈரோடு அம்மா சொன்னதை மனத்தில் கொண்டு, குழுப் படத்தின் கீழே இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயரையும், பிறந்த ஊரையும், இப்போதைய ஊரையும், ஆடத் தொடங்கிய ஆண்டையும் அச்சிடப் போகிறோம். அச்சானதும் மாவட்ட மைய நூலகத்துக்கு இரண்டு படிகள் கொடுக்கிறேன்.