லொறி, பஸ் டெஸ்ட்: காத்திருந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லொறி ஓட்டுநர், மிட்லண்ட்ஸ்:

2021 செப்டம்பரில் பிரிட்டன் முழுக்கப் பெட்ரோலுக்குக் கார்கள் வரிசையில் நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எண்ணெய் இருந்தது, கொண்டுவர ஆள் இல்லை. ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டுநர்கள் குறைவு என்று லொறிக் கம்பெனிகளின் சங்கமான ரோட் ஹாலேஜ் அசோசியேஷன் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அதே நேரத்தில் நானும் என்னைப் போன்ற பலரும் தியரி டெஸ்டைப் பாஸ் பண்ணிவிட்டு, ஓட்டிக் காட்டும் டெஸ்டுக்குத் தேதி கிடைக்காமல் வீட்டில் இருந்தோம். கொரோனாவால் நின்றுபோன டெஸ்டுகள் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு முன்னால் கிடந்தன. தியரி பாஸ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பது வேறு தலையிடி.

நவம்பர் 15ஆம் தேதி விதிகள் மாறின. அதுவரை முதலில் சாதாரண லொறிக்கு ஒரு டெஸ்ட், அதன் பிறகு ட்ரெயிலர் லொறிக்கு இன்னொரு டெஸ்ட். இப்போது நேரே ட்ரெயிலர் லொறிக்குப் போகலாம், அதில் பாஸானால் இரண்டும் கிடைத்துவிடும். ஒரே ஆளுக்கு எக்ஸாமினர் இரண்டு தடவை வர வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய மாற்றம், றிவர்ஸ் எடுப்பதைத் தனி டெஸ்டாகப் பிரித்ததுதான். 3ஏ என்ற அந்தப் பகுதியை அனுமதி பெற்ற பயிற்சி நிறுவனங்களின் யார்டிலேயே வைக்கலாம். அரசாங்க எக்ஸாமினர் 3பி என்ற வீதிப் பகுதியை மட்டும் பார்ப்பார். வளைந்து றிவர்ஸில் வந்து கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். பிறகு ட்ரெயிலரைக் கழற்றிப் பூட்டிக் காட்ட வேண்டும்: ட்ரெயிலர் பிரேக், ட்ரெயிலரைத் தாங்கும் கால்களை இறக்குவது, சிவப்பு மஞ்சள் காற்றுக் குழாய்கள், மின் வயர், கடைசியில் லொறியோடு ட்ரெயிலரைப் பிணைக்கும் கொழுவியை இழுப்பது. வரிசை தப்பினால் ட்ரெயிலர் தரையில் உட்கார்ந்துவிடும். இதையெல்லாம் நான் பழகிய யார்டிலேயே, பழகிய வண்டியிலேயே செய்தேன். வீதி டெஸ்டுக்குப் போகும்போது பாதிப் பாரம் இறங்கியிருந்தது. எங்கள் பக்கம் அதன் பிறகு தேதிகள் உண்மையிலேயே கிட்ட வந்தன.

பஸ் ஓட்டுநர், கிழக்கு லண்டன்:

அண்ணா, பஸ் பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு. பெரிய பஸ் கம்பெனிகள் சிலவற்றில் சொந்தமாகவே எக்ஸாமினர் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் அங்கீகாரமும் கொடுப்பது டெஸ்டுகளை நடத்தும் அரசு அமைப்பான டி.வி.எஸ்.ஏ.தான், ஆனால் அவர்கள் டெஸ்ட் வைப்பது கம்பெனி ஆட்களுக்குத்தான், வெளியே தனியாகப் பழகுபவர்களுக்கு இல்லை. நான் அப்படி ஒரு டிப்போவில் சேர்ந்ததால் டெஸ்ட் தேதிக்காகக் காத்திருக்கவே இல்லை. எனக்கு இழுத்தடித்தது அதற்கு முந்திய கட்டம். டாக்டர் டி4 என்ற மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும், அது போய் புரொவிஷனல் (பழகுவதற்கான லைசென்ஸ்) வர வேண்டும், அதற்குப் பிறகுதான் தியரி. அந்தக் காலத்தில் லைசென்ஸ் அலுவலகத்தில் கடுதாசிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. டெஸ்ட் இடங்களை மட்டும் கூட்டினால் போதாது என்று நான் நினைப்பது அதனால்தான். சொந்தக் காசில் தனியாகப் பழகும் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் அடி.

கரவன் இழுப்பவர், கென்ட்:

ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எக்ஸாமினர்களின் நேரத்தை மிச்சம் பிடிக்கவென்றே காரில் ட்ரெயிலர் இழுக்கும் டெஸ்டை எடுத்துவிட்டார்கள். 2021 டிசம்பர் 16 முதல் 1997க்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர்களும் 3,500 கிலோ வரை டெஸ்ட் இல்லாமலே இழுக்கலாம். லொறிக்காரருக்கு நல்லதுதான். ஆனால் காற்றடிக்கும் நாளில் எம்2 மோட்டர்வேயில் கரவன் என்ற வீட்டு ட்ரெயிலர் ஆடத் தொடங்கினால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தராமலே ஒருவர் அதை இழுத்துக்கொண்டு போவது எனக்குப் பயம். டெஸ்ட் இல்லாவிட்டாலும் ஒரு நாள் காசு கொடுத்துப் பழகுங்கள்.

லொறி ஓட்டுநர், மிட்லண்ட்ஸ்:

கரவன் அண்ணா சொல்வதோடு நானும் ஒத்துப்போகிறேன். றிவர்ஸை யார்டுக்கு மாற்றியதில் டெஸ்ட் குறையவில்லை, பார்ப்பவர்தான் மாறினார். ட்ரெயிலர் டெஸ்டில் பார்ப்பவரே இல்லாமல் போய்விட்டார். இரண்டும் ஒன்றல்ல.

தம்பி, புதிதாகத் தொடங்குபவர்கள் டி4ஐ முதல் வேலையாக முடிக்கட்டும். பயிற்சி நிறுவனத்துக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் “3ஏ உங்கள் யார்டிலேயே வைப்பீர்களா?” என்று கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் அதற்கும் தனியாக ஒரு தேதி தேட வேண்டிவரும்.