பொன்னுக்கு வீங்கிக்குப் பிறகு விந்தணு குறைவு: சேலத்தில் யாரைப் பார்ப்பது?

வணக்கம். எனக்கு 31 வயது, ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. மனைவிக்கு எல்லா டெஸ்ட்டும் நார்மல்.

போன தை மாதம் அக்கா பையனிடமிருந்து பொன்னுக்கு வீங்கி ஒட்டிக்கொண்டது. கன்ன வீக்கம் வடிகிற நேரத்தில் காய்ச்சல் திரும்ப ஏறி, வலது விதை சிவந்து கல் மாதிரி வீங்கிவிட்டது. சேலம் இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் சீட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். டாக்டர் வைரஸால் வந்த அழற்சி என்று வலி மாத்திரையும் ஐஸ் ஒத்தடமும் சொன்னார். வீக்கம் போனது. ஆனால் அந்த விதை இப்போது சிறுத்துவிட்டது, ஸ்கேனிலும் அப்படித்தான். இடது பக்கம் நன்றாக இருக்கிறது.

விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிக்கு 90 லட்சம் அணுக்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் எல்லை 1.6 கோடி. விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால் மூன்று மாதம் விட்டு மறுபடி எடுத்தேன்: 1.1 கோடி, அசைவு குறைவு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சரி, விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன் கொஞ்சம் அதிகம்.

ஒரு டாக்டர் சத்து மாத்திரை கொடுத்துக் காத்திருக்கச் சொல்கிறார். இன்னொருவர் நேராக இக்ஸி (லேபில் விந்தணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை) போகச் சொல்கிறார். அந்தச் செலவு எங்களுக்கு ரொம்பப் பெரிது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டேன், புகை, மது கிடையாது.

(அரசு இலவசத் தடுப்பூசியில் தட்டம்மை, ரூபெல்லா உண்டு, பொன்னுக்கு வீங்கி இல்லை. பையன் வைத்திருப்பவர்கள் இந்த மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.)

பொன்னுக்கு வீங்கியால் இப்படி ஆனவர்கள், சேலத்தில் ஆண் குழந்தையின்மையைத் தனியாகப் பார்க்கும் எந்த டாக்டரிடம் போனீர்கள்?