பர்மாவில் பார்த்த ஆசாரித் தாத்தாக்கள்: உங்க அனுபவம்?

சிரியத்துப் பேரன்:
எங்க ஊர் ஆசாரித் தாத்தா ஒருத்தரைப் பத்திச் சொல்றேன்; ஊர்க்காரங்களுக்கு அவரைத் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன். எண்பதைத் தாண்டியும் விடியக்காலையில வயல்வாய்க்கால்ல தவளைக் குஞ்சு கோத்து வரால் பிடிப்பார், வெயில் ஏறினதும் இழைப்புளியால மரத்தை இழைக்க உக்காந்துடுவார். எங்க வீட்டு நிலைக்கதவு இறுகிப்போய் அவரைக் கூப்பிட்டோம். பெட்டியைத் திறந்தார். மூடியோட உள்பக்கம் பூரா 75 கியாட் நோட்டு ஒட்டியிருக்கு! 1987 செப்டம்பர்ல பர்மா அரசாங்கம் 25, 35, 75 கியாட் நோட்டு மூணும் செல்லாதுன்னாங்களே, பதிலுக்கு ஒண்ணும் தரலையே, அந்தக் காசு. நான் பார்க்கிறதைப் பார்த்துட்டு, "கூலிதான். ஒட்டவாவது ஆச்சு"ன்னு சொல்லிட்டு உளியை எடுத்துட்டார். முகத்துல கோபமும் இல்ல, சிரிப்பும் இல்ல. அதுக்கு நான் என்ன சொல்லியிருக்கணும்? இன்னும் புரியல.

பெகு மருமகள்:
என் மாமனாரும் அதே ரகம். வாலிபத்துல யானைக்காரங்களோட காட்டுலயே தங்கி மரம் அறுத்தவர். எங்க கட்டிலுக்குப் பலகை வாங்கப் போனோம். கடைக்காரர் தேக்குன்னு சத்தியம் பண்றார். மாமா உளியால ஒரு ஓரத்தைச் சீவி மோந்து பார்த்தார். எண்ணெய் வாசனை இல்லையாம். "தேக்குன்னா தண்ணில மிதக்கும், இது கல்லு மாதிரி கிடக்கு"ன்னு சத்தமா சொல்லிட்டு வெளிய வந்துட்டார். கடைக்காரர் எங்க சொந்தக்காரர் வேற. நான் நடுவுல நின்னேன் பாருங்க!

மோல்மீன் மரக்கடை:
அக்கா, மிதக்கும்கிறது பாதிதான். பச்சைத் தேக்கு மூழ்கிடும். அதனாலதான் அந்தக் காலத்துல நிக்கிற மரத்துல சுத்திவர பட்டையையும் அதுக்கு அடியில இருக்கிற வெள்ளைக்கட்டையையும் வெட்டிவிட்டு, மூணு வருஷம் போல நின்னபடியே காயவிட்டு அப்புறம் சாய்ப்பாங்க. யானை ஓடைக்கு இழுத்துப் போடும், மழைவெள்ளம் ஆத்துக்குக் கொண்டுவரும். மாமா தெரியாம சொல்லியிருக்க மாட்டார், நீங்கதான் பாதியைக் கேட்டிருக்கீங்க. என் கதை சின்னது: சல்வீன் ஆத்துக் கரையில படகு கட்டுற பெரியவர் ஒருத்தர். 2014 ஏப்ரல்ல அரசாங்கம் அறுக்காத முழுமர ஏற்றுமதியை நிறுத்தினப்ப கடையில எல்லாரும் புலம்புறோம், அவர் மட்டும் "இப்பவாவது மரத்தை விட்டானுங்களே"ன்னு தூண்டிலைத் தூக்கிட்டுப் போயிட்டார். அவ்வளவுதான்.
இன்னொண்ணு. தாத்தா கருவி வீட்டுல வச்சிருக்கிறவங்க மழைக்காலத்துக்கு முன்னாடி இழைப்புளியில இருந்து தகட்டைக் கழட்டித் துடைச்சு மெஷின் எண்ணெய் பூசுங்க. தேங்காய் எண்ணெய் வேணாம், நாள்பட்டா பிசுக்காயிடும். செவுத்துல சாய்ச்சு வைக்காதீங்க, ஈரம் ஏறும். தேக்குல மணல்சத்து உண்டு, கூர் சீக்கிரம் மழுங்கும், வேலைக்கு நடுவுலயே சாணை பிடிச்சுக்கணும். துருப்பிடிச்ச உளியை எமரி போட்டுத் தேய்ச்சுத் தகட்டைத் தேய்மானம் பண்ணிடாதீங்க, முதல்ல மண்ணெண்ணெயில ஊறப்போடுங்க. வாய்ச்சிக்குக் காம்பு மாத்துறவங்க...

பெகு மருமகள்:
உளியைப் பத்தி யாரு தம்பி கேட்டா? பாதி கேட்டேனாமே! மாமா சொன்னது காஞ்ச பலகையைத்தான், கடையில பச்சை மரமா விக்கிறாங்க? கடைசியில எங்கேயோ போய் பிங்காடோன்னு இரும்பு மாதிரி கனக்கிற மரம் கொண்டுவந்து கட்டில் செஞ்சார். அது காஞ்சாலும் லேசுல மிதக்காதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வீடு மாத்துறப்பல்லாம் தெருவுல ஆள் கூப்பிட்டு, மாமாவைத் திட்டிக்கிட்டே தூக்குறோம்.