புகைப்பழக்கத்தைக் கைவிட உதவுபவர்களுக்குத் தமிழில் ஆன்லைன் பயிற்சி இருக்கிறதா?

வணக்கம். கேரளத்தில் வண்டிப்பெரியார் பக்கம் தேயிலை எஸ்டேட் லயங்களுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) போய்வரும் நர்ஸ் நான். என்னோடு வரும் ஆஷா என்கிற சமூக சுகாதாரப் பணியாளர்களில் பலர் தமிழர்கள். மலையாளம் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் பாடமாகப் படிக்கத் தமிழ்தான் வேண்டும்.

பீடியை விட நினைப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுத்தரும் ஆன்லைன் பயிற்சி தமிழில் எங்காவது உண்டா? பிரிட்டனில் என்.சி.எஸ்.சி.டி. என்ற அமைப்பு இதற்கென்றே ஆன்லைன் பயிற்சி தருகிறது. நல்ல முயற்சி, ஆனால் ஆங்கிலம்.

புற்றுநோய் வரும் என்று சொல்ல யாருக்கும் பயிற்சி தேவையில்லை. விட்ட முதல் சில நாட்களில்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் அதிகம். சில வாரங்களில் தணிந்துவிடும். அந்த நாட்களில் கூட நின்று பேசத் தெரிய வேண்டும். "சிஸ்டர், இந்தக் குளிருக்கு ஒன்னு இழுத்தாத்தான் வேலை ஓடும்" என்கிற அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? புகை ஆசையைத் தணிக்கக் கொடுக்கும் நிக்கோட்டின் சூயிங்கம்மில் 2 மி.கி. யாருக்கு, 4 மி.கி. யாருக்கு? மெல்ல மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. வெற்றிலையோடு புகையிலை போடும் அக்காமார்களை எந்தப் பயிற்சியும் மறந்துவிடக் கூடாது.

1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணைக் கொடுக்கிறோம். அப்புறம் வீட்டு வாசலில் பேச வேண்டியது நாங்கள்தானே.

லயங்களில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. இறக்கி வைத்துப் பார்க்கக்கூடிய சின்னச் சின்ன வீடியோக்கள் இருந்தால் பெரிய உதவி. சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆலோசகர்கள் யாராவது போனில் எங்களோடு பேசிப் பழக்கி, தவறு இருந்தால் திருத்த முடியுமா? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.