கிட்னி பிரச்சினை உள்ள அப்பா உடற்பயிற்சி செய்யலாமா? தமிழில் ஆப் ஏதாவது இருக்கிறதா?

அரவேனு_பொண்ணு:
அப்பாவுக்கு 63 வயது. கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், சர்க்கரையும் பிரஷரும் ரொம்ப வருஷமாக இருக்கிறது. இந்தமுறை ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.9, இ.ஜி.எஃப்.ஆர் (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 39. "மூணாவது ஸ்டேஜ், உப்பைக் குறைங்க" என்று சொல்லி டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நடந்தால் கிரியேட்டினின் ஏறும் என்று பெரியப்பா கிளப்பிவிட்டதில் அம்மா இப்போது அவரைக் கடைக்குக்கூட அனுப்புவதில்லை, அவரும் நாள் முழுக்க டிவி முன்னால்தான். நான் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறேன், வார இறுதியில்தான் மேலே வருவேன். காலையில் வாக்கிங் போகச் சொல்லலாம் என்றால் எஸ்டேட் ரோட்டில் காட்டெருமை நிற்கிறது. போனில் பார்த்துச் செய்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

குன்னூர்_பிசியோ:
உங்கள் பெரியப்பா சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு, அதனால் முந்தின நாள் கடுமையாக உடம்பை வருத்தினாலோ நிறையக் கறி சாப்பிட்டாலோ டெஸ்ட்டில் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். அதை வைத்து கிட்னி கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. அப்பாவை உட்காரவைத்தே வைத்தால் தசை கரையும், அப்போது கிரியேட்டினின் நல்லபடியாகக் காட்டும், ஆளோ எழுந்து நிற்கத் திணறுவார்! கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச அமைப்பின் 2024 வழிகாட்டுதல் இந்த நோயாளிகளுக்கு வாரம் 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு சொல்கிறது, அவரவர் இதயமும் உடம்பும் தாங்குகிற அளவில்.

கைப்பிடி இல்லாத சேரைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். முடிகிற அளவோடு நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அப்புறம் அடுப்பு மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும். இன்சுலின் போடுகிறவர் என்றால் முன்னதாகச் சர்க்கரை பார்த்துவிடுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தணும். நம் ஊர் ஏற்றத்தில் எல்லாருக்கும் மூச்சு வாங்கும்தான், ஆனால் முன்பைவிட அதிகம் என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள், கிட்னி தளர்ந்தால் ரத்தசோகை வரலாம். இறக்கத்தில் முட்டி வலித்தது என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது.

ஊட்டி_வாரம்மூணு:
நான் டயாலிசிஸில் இருக்கிறவன், ஆப் எல்லாம் இறக்கிப் பார்த்திருக்கிறேன். பாதி வெளிநாட்டுச் சாப்பாட்டைப் பேசும், நம் வீட்டு ஊறுகாயும் கருவாடும் அதற்குத் தெரியாது. தங்கச்சி, நீங்கள் வரும்போது பிசியோ சார் சொன்னதை அப்பாவைச் செய்யவைத்து அவர் போனிலேயே வீடியோ எடுத்துவையுங்கள், சிக்னல் இல்லாத நாளிலும் ஓடும். தான் செய்ததைத் தானே பார்த்தால் கூச்சமும் போய்விடும். பிரஷரை ஒரு நோட்டில் எழுதி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள், டாக்டரிடம் போகும்போது அதைக் காட்டினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். குளிர்காலத்தில் பிரஷர் ஏறும் என்பதும் அதில் தெரியும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் கேளுங்கள், இ.ஜி.எஃப்.ஆர் மட்டும் பாதிக் கதைதான்.

இன்னொன்று, ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்தால்தான் பழத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கட்டுப்பாடு. சும்மா எல்லாவற்றையும் நிறுத்தி ஆளை மெலியவைக்காதீர்கள். சோடியம் குறைவு என்று விற்கிற உப்பில் பொட்டாசியம் இருக்கும், அதை டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். ஸ்டார் ப்ரூட் பக்கமே போகவேண்டாம், பர்லியாறில் பழக்கடையில் நிறுத்தினாலும் சரி.

மலைரயில்:
பிரிட்டனில் கிட்னி பீம் என்று இணையத்தில் இந்த நோயாளிகளுக்கென்றே உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். 340 பேரை வைத்து ஆய்வும் நடந்தது, 12 வாரத்தில் மனநலம் சார்ந்த வாழ்க்கைத்தரம் கூடியது. ஆனால் எல்லாம் இங்கிலீஷ். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபியும் உண்டு, உங்கள் பக்கத்துச் செவிலியரிடம் கேட்டுப் பாருங்களேன். எனக்கென்னவோ போனைக் கையில் கொடுத்தால் அப்பா ரீல்ஸ்தான் பார்ப்பார் என்று தோன்றுகிறது.

அரவேனு_பொண்ணு:
ரீல்ஸ் இப்பவே ஓடுகிறது, சீரியல் விளம்பர நேரத்தில்! சனிக்கிழமை வீடியோ எடுத்துவிடுகிறேன். அல்புமின் டெஸ்ட் ரிப்போர்ட்டில் இல்லை, கேட்கிறேன். பிசியோ சார், அவருக்கு இடது முட்டி தேய்மானம், சேர் எவ்வளவு உயரம் இருக்கணும்?

குன்னூர்_பிசியோ:
உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் மேலே இருக்கணும். தாழ்வாக இருந்தால் மடித்த கம்பளியைப் போடுங்கள், வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கையைத் தொடையில் ஊன்றி எழட்டும்.